ஆராய்ச்சியும் நோயுற்றோரும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் மின்சார இரயிலில் ஏறி அமர்ந்தால், பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கும். கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் நாள்தோறும் அப்பெயரைப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு மருத்துவ நிலையத்தின் பெயர் இரயில் நிலையத்தின் பெயராக எவ்வாறு ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கு அந்தப் பெயரே தக்க தொடக்கமாகும்.

சானடோரியம் என்பது காசநோயாளர் தங்கி உடல் தேறும் இடம். காசத்துக்கு மருந்து காணப்படாத காலத்தில் தூய காற்று, நல்ல உணவு, நெடிய ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. டாக்டர் சௌரி முத்து என்பார் 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர்க் காசத்தைத் தீர்க்கும் மருந்துகள் வந்தன. அவற்றோடு ஒரு புதிய கேள்வியும் வந்தது. ஏழை நோயாளி, இட நெருக்கடி மிகுந்த தன் வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டால் குணமடைவானா? வீட்டிலுள்ள பிறருக்கு அதனால் கேடு விளையுமா?

இக்கேள்விக்கு விடை காண்பதற்காகவே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நோயாளர் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவருக்கு வீட்டிலும் சிகிச்சை அளித்தனர். வீட்டுச் சிகிச்சையின் பயன் ஏறத்தாழச் சானடோரியச் சிகிச்சையின் பயனுக்கு நிகராக இருந்தது என்றும், வீட்டிலுள்ளோருக்கு அதனால் மிகுதியான கேடு வரவில்லை என்றும் 1959இல் முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டை நோக்கித் திரும்பியது. மருந்தின் பயனை அறிய வேண்டுமானால், அதை உட்கொள்ளும் மனிதனின் வீட்டையும் வாழ்வையும் சேர்த்தே அறிய வேண்டும் என்பது அன்று சென்னை கற்றுத் தந்த பாடமாகும்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. உலகத்தை அச்சுறுத்திய மற்றொரு நோய் நம் நாட்டிலும் உள்ளதா என்ற ஐயம் எழுந்தது. எச்.ஐ.வி. என்னும் வைரஸ், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைச் சிறுகச் சிறுக அழிப்பது. அவ்வழிவு முற்றிய நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்ற பட்டமேற்படிப்பு மாணவி இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் சென்று அவர் இரத்தம் சேகரித்தார். கையுறை முதலிய பாதுகாப்பு எதுவும் அவருக்கு இல்லை. சேகரித்த இரத்தத்தைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். 1986ஆம் ஆண்டில் நடந்த அச்சோதனையால், இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டு என்பது முதன்முதலாக வெளிப்பட்டது.

அம்மாணவியாரின் துணிவை நாடு நன்றியோடு நினைவுகூர்கிறது. எனினும் பல்லாண்டு கழித்து அளித்த ஒரு பேட்டியில் அவரே ஒளிக்காமல் ஒன்றைக் கூறியிருக்கிறார். எய்ட்ஸைத் தேடுகிறேன் என்று அப்பெண்களிடம் அவர் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணிக்கொண்டார்களாம். அவர்கள் தந்த இரத்தத்தால் ஒரு நாடே விழித்துக்கொண்டது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் அவர்களுடைய பங்கு கையை நீட்டியதோடு முடிந்துவிட்டது. இது தனி ஒருவருடைய குறை அன்று. அக்காலத்து ஆராய்ச்சி உலகின் நடைமுறையே பெரும்பாலும் அவ்வாறு இருந்தது. அந்நடைமுறை ஏன் மாற வேண்டியதாயிற்று, எவ்வாறு மாறியது என்பதையே இனிக் காண்போம்.

தாம்பரத்து மருத்துவமனை 1993ஆம் ஆண்டு முதல் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. வேறிடங்களில் படுக்கை கிடைக்காத பலர், தமிழ்நாட்டின் தொலைவான மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்தனர். அந்நாளில் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் பெரிது, மருந்து சிறிது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. நாட்டிலேயே முதன்முதலாக அம்மருந்தை வழங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று.

மருந்து வந்ததும் ஆராய்ச்சியின் கேள்வி மாறியது. இம்மருந்து வைரஸை அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. ஆதலின் வாழ்நாள் முழுவதும், ஒரு நாளும் தவறாமல் அதை உட்கொள்ள வேண்டும். அடிக்கடி தவறினால் வைரஸ் மருந்தையே வெல்லக் கற்றுக்கொள்ளும். எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை கூறும். மருந்தை ஒருவர் ஏன் தவறவிடுகிறார் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. அது நோயுற்றவருடைய வீட்டில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பல்லாவரத்தில் ஒற்றை அறை வீட்டில் மாமியார், நாத்தனார் ஆகியோருடன் வாழும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தமக்குத் தொற்று உள்ளது என்பதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். வீட்டில் ஆள் இருக்கும்போது அதை வெளியே எடுக்க இயலாது. ஓர் ஆராய்ச்சியாளர் வினாத்தாளோடு அவரிடம் வந்து, “சென்ற வாரத்தில் எத்தனை முறை மருந்து உட்கொள்ள மறந்தீர்கள்?” என்று கேட்கிறார். “இரண்டு முறை” என்று அப்பெண் விடை கூறுகிறார். மறதி என்று ஏட்டில் பதிவாகிறது. இத்தகைய விடைகள் நூறு சேர்ந்ததும், நோயாளர்க்கு மறதி மிகுதி, ஆதலின் தொலைபேசியில் நினைவூட்டல் அனுப்புவோம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த நினைவூட்டல், நாத்தனார் கையில் தொலைபேசி இருக்கும் வேளையில் வந்து ஒலிக்கிறது!

அப்பெண் மறக்கவே இல்லை. கேள்விதான் தவறானது. கேள்வி தவறானால் விடை தவறாகும். விடை தவறானால் நன்மை செய்ய வந்த திட்டமே தீமை செய்துவிடும். வினாத்தாளை அச்சிடுவதற்கு முன்னரே அவரைப் போன்ற ஒருவரிடம் காட்டியிருந்தால், “மறந்தீர்களா என்று கேட்காதீர்கள், எடுக்க முடிந்ததா என்று கேளுங்கள்” என்று ஒரே சொல்லில் திருத்தியிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் மூதாட்டிமார் சொல்வதுண்டு. அப்பழமொழியை ஆராய்ச்சியின் ஒரு விதியாகவே கொள்ளலாம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று கணக்கிடுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர் என்பனவே அந்நான்கு. அவற்றுள் நோயுற்றவரை அவர் முதலில் வைத்துள்ளமை கருதத்தக்கது. நெடுங்காலம் ஆராய்ச்சி உலகம் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமே எண்ணி வந்தது. முதலாவதையும் நான்காவதையும் எண்ணவைத்தவர்கள் நோயுற்றோரே ஆவர்.

1983இல் அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயுற்ற சிலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். தம்மைப் ‘பலியானோர்’ என்று அழைக்க வேண்டா என்றும், தம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் தமக்கு இடம் வேண்டும் என்றும் அதில் கேட்டனர். 1994 டிசம்பர் முதல் நாளில் பாரிஸ் நகரில் கூடிய மாநாட்டில் 42 நாடுகள் அக்கொள்கையை ஏற்றுக் கையொப்பமிட்டன. சென்னையிலும் அக்குரல் விரைவில் எழுந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அகில இந்தியக் கூட்டமைப்பு 1997இல் இந்நகரில் உருவாயிற்று. அடுத்த ஆண்டே தொற்றுள்ள பெண்கள் தமக்கெனத் தனி அமைப்பு ஒன்றைக் கண்டனர். கணவன் வழியாகத் தொற்றுப் பெற்ற மனைவியின் துயரம், கணவன் இறந்தபின் வீட்டையும் சொத்தையும் இழந்து நிற்கும் நிலை ஆகியவற்றை அப்பெண்களே மேடையேறி எடுத்துரைத்தனர். அதுவரை நோய்க் கணக்கில் எண்களாக மட்டுமே இருந்தவர்கள், தம் வாயாலேயே பேசத் தொடங்கினர்.

குரல் எழுந்தால் போதுமா? அது ஆராய்ச்சியின் உள்ளே புகுவதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயிலே சமூக ஆலோசனைக் குழு என்பது. தொற்றுடன் வாழ்வோர், அவர்தம் குடும்பத்தார், திருநங்கையர், மகளிர் அமைப்பினர், ஆசிரியர், வழக்கறிஞர் முதலிய பலர் அதில் இடம்பெறுவர். ஆராய்ச்சித் திட்டம் வரைவு நிலையில் இருக்கும்போதே அது குழுவின் முன் வைக்கப்படும். இந்த ஆராய்ச்சி எங்களுக்குத் தேவையா? இதனால் எவர்க்கு நன்மை? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஆராய்ச்சி முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இவை அக்குழு கேட்க வேண்டிய முதற் கேள்விகள்.

அடுத்து ஒப்புதல் படிவத்தைக் குழு படித்துப் பார்க்கும். ‘20 மில்லி லிட்டர் இரத்தம் எடுக்கப்படும்’ என்று அதில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அது எவ்வளவு என்று படிப்பவர்க்கு விளங்காது. ஒரு புட்டி நிறைய எடுப்பார்களோ என்ற அச்சமே எழும். ‘நான்கு தேக்கரண்டி அளவு’ என்று எழுதினால் அச்சம் நீங்கும். ‘சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படுவீர்கள்’ என்பதைக் காட்டிலும், ‘உங்களுக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் அது அமையும்’ என்பது எவர்க்கும் புரியும். வீட்டுக்கு வரும் பணியாளரின் வண்டியில் நிலையத்தின் பெயரை எழுத வேண்டா என்றும், நாட்கூலி பெறுவோர் வேலையை இழக்காமல் வருவதற்கு ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தைத் திறந்து வைக்கலாம் என்றும் சொல்ல வல்லவர் அக்குழுவினரே. இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் ஆராய்ச்சிக்கு வந்தவர் இறுதிவரை நிலைத்திருப்பதும் இடையிலே விலகிப் போவதும் இத்தகைய சிறியவற்றைப் பொறுத்தே அமைகின்றன. பாதிப்பேர் விலகிப்போன ஆராய்ச்சியின் முடிவை எவர் நம்புவர்?

மக்களைக் கலந்துகொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கம்போடிய நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. டெனோபோவிர் என்னும் மருந்து தொற்று வராமல் தடுக்குமா என்று, அந்நாட்டுப் பாலியல் தொழிலாளரான பெண்களிடையே சோதிக்கத் திட்டமிட்டார்கள். மருந்தினால் பின்னாளில் தீங்கு வந்தால் எங்களுக்கு யார் மருத்துவம் செய்வார்கள் என்று அப்பெண்கள் கேட்டனர். அவர்கள் மனம் நிறையும் விடை கிடைக்கவில்லை. 2004இல் அந்நாட்டு அரசாங்கம் அச்சோதனையையே நிறுத்திவிட்டது. ஆனால் அம்மருந்து பயனற்றது அன்று. அதனை ஒரு கூறாகக் கொண்ட மாத்திரை தொற்றைத் தடுக்கும் என்று 2010இல் வேறொரு சோதனை காட்டியது. நல்ல மருந்தும், நியாயமான கேள்வியும், அறிவுடைய ஆராய்ச்சியாளரும் இருந்தும், இவர்களிடையே நம்பிக்கை இல்லாமையால் ஒரு முயற்சி தொடங்கும் முன்னரே முடிந்தது. மக்களோடு கலந்து ஆராய்ச்சி நடத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை 2007இல் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு பிறருடன் சேர்ந்து வெளியிட்டதற்கு இவ்வனுபவமே ஒரு காரணம்.

இனிச் சென்னைக்குத் திரும்புவோம். காசநோயாளரின் வீட்டுச் சிகிச்சையை ஆராய்ந்த அதே சேத்துப்பட்டு நிலையத்தில், எய்ட்ஸ் தடுப்பூசி ஒன்றின் முதற்கட்டச் சோதனை 2006இல் தொடங்கியது. நோயற்ற தொண்டர்கள் 32 பேர் அதில் பங்கு கொண்டனர். ஊசியினால் எய்ட்ஸே வந்துவிடுமோ என்ற அச்சம் இத்தகைய சோதனைகளில் எங்கும் எழுவது. வைரஸ் முழுமையாக அவ்வூசியில் இல்லை. ஆதலின் அவ்வாறு வர வழியில்லை. வேறொரு தொல்லை உண்மையிலேயே உண்டு. தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் இரத்தத்தைச் சோதித்தால், தொற்று இல்லாதிருந்தும் ‘உண்டு’ என்று சில சோதனைகள் பிழையாகக் காட்டக்கூடும். அப்போது அவருடைய திருமணம் என்னாகும்? வெளிநாட்டு வேலை என்னாகும்? தடுப்பூசியின் வேதியியலை ஆராய்பவருக்கு இரண்டாவதாகத் தோன்றும் இக்கேள்வி, தொண்டராக வரும் இளைஞருக்கு முதற் கேள்வி. இதை முன்கூட்டியே பேசித் தீர்வதற்குச் சமூக ஆலோசனைக் குழு இடமளிக்கிறது. எய்ட்ஸைத் தடுக்கும் பயனுள்ள தடுப்பூசி இன்றுவரை கிட்டவில்லை என்பது உண்மையே. எனினும் அறிந்து, கேட்டு, மனமிசைந்து முன்வருவோர் நம் நகரிலும் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டாவது எடுத்துக்காட்டுத் தரமணியில் உள்ளது. டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் அங்கே இயங்கியது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரைக் கொண்டு நடந்த ஒரு பேராராய்ச்சியில் அந்நிலையமும் பங்கு கொண்டது. தம்பதியரில் ஒருவர்க்குத் தொற்று உண்டு, மற்றவர்க்கு இல்லை. மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்றாமல் தடுக்கலாமா என்பதே ஆராய்ச்சிப் பொருள். 2011இல் வெளியான முடிவின்படி, முன்கூட்டித் தொடங்கிய மருந்து தொற்றும் வாய்ப்பை 96 விழுக்காடு குறைத்தது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வைரஸை அடக்கி வைத்திருப்பவர் உடலுறவின் வழியே பிறர்க்குத் தொற்றைத் தருவதில்லை என்று இன்று மருத்துவ உலகம் உறுதியாகக் கூறுவதற்கு இவ்வாராய்ச்சியும் ஓர் அடிப்படை. கணவனும் மனைவியும் தம் வாழ்வின் மறைவான செய்தியைப் பிறரிடம் சொல்லி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்துபோனாலன்றி இம்முடிவு கிடைத்திராது. தம் பெயர் வெளிப்படாது, தம் மானம் காக்கப்படும் என்ற நம்பிக்கையே அவர்களை மீண்டும் மீண்டும் வரவைத்தது என்று கொள்வதில் தவறில்லை.

இம்முறையில் குறைகள் இல்லையா என்றால், உண்டு. மருத்துவர் அமர்ந்த மேசையில் நோயாளர் ஒருவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மக்களைக் கலந்தோம் என்று ஏட்டில் எழுதிக்கொள்வது எளிது. ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் தமிழ் மட்டும் அறிந்தவர் வாய் திறவாமல் இருப்பார். எப்போதும் அதே நால்வர் அழைக்கப்பட்டால், அந்நால்வரின் கருத்தே ஆயிரவரின் கருத்தாகக் கொள்ளப்படும். குழுவில் இருப்பதாலேயே ஒருவருடைய தொற்று ஊரறியத் தெரிந்துவிடலாம். மேலும், குழுவினர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர் ஆகிவிடக் கூடாது. வேண்டாத திட்டத்தை ‘வேண்டா’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். அவர்கள் சொன்னவற்றுள் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் திரும்பி வந்து கூற வேண்டும். முடிவுகளையும் முதலில் அவர்களிடமே சொல்ல வேண்டும். இவை இல்லாத இடத்தில் குழு உண்டு, பங்கு இல்லை.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2017இல் நாடாளுமன்றம் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றுள்ளவரை அவர் அறிந்து தரும் ஒப்புதல் இன்றிச் சிகிச்சைக்கோ ஆராய்ச்சிக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. 1986இல் கையை நீட்டிய பெண்களுக்குச் சொல்லப்படாத செய்தியை, இன்று சொல்லியே ஆக வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாம் கடந்து வந்த தொலைவு இது.

மாணவர்களே, உங்கள் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருப்பதை அறிவீர்கள். நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்று அங்கே கற்கிறீர்கள். தொட்டுப் பேசுவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் இந்நோய் பரவாது என்பதை வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள். பல்லாவரத்துப் பெண்ணின் மாத்திரைப் புட்டி அரிசிப் பானையை விட்டு வெளியே வர அது உதவும். உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் புள்ளிவிவரம் தொகுப்பீர்கள். சிலர் வினாத்தாள் ஏந்தி வீடு வீடாகச் செல்வீர்கள். அப்போது, கேள்வி கேட்பதற்கு முன்னே, “இக்கேள்வி சரிதானா?” என்று எதிரே இருப்பவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் இரயில் தாம்பரம் சானடோரியத்தில் நிற்கும்போது, இறங்குவோரைச் சற்றே கவனியுங்கள். மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்குபவர் ஒருவர் அவர்களிடையே இருக்கக்கூடும். நூல்களில் இன்னும் எழுதப்படாத செய்திகள் சிலவற்றை அவர் அறிந்திருக்கிறார். அவற்றைக் கேட்டு அறிவதும் ஆராய்ச்சியே ஆகும்.